ஊவா மலைநாட்டில் நாடக நோட்டீசும் மருந்து விளம்பரமும்

பழைய பத்திரிகையொன்றைக் கையில் எடுக்கும் வரலாற்று மாணவர் முதலில் தலையங்கத்தைப் படிப்பர். அடுத்துச் சட்டசபைச் செய்திகளையும் போர்ச் செய்திகளையும் பார்ப்பர். விளம்பரங்கள் நிறைந்த பக்கத்தை அவர்கள் பெரும்பாலும் விரைந்து புரட்டிவிடுவதே வழக்கம். ஆயினும், தலையங்கம் அச்சாவதற்கு வேண்டிய காகிதத்துக்கும் மைக்கும் பெரும்பங்கு பணம் தந்தது அந்த விளம்பரப் பக்கமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பக்கத்தில் அடிக்கடி காணப்பட்டவை இரண்டு: ஒன்று நாடக விளம்பரம், மற்றொன்று மருந்து விளம்பரம். ஒன்று ஓர் இரவு இன்பத்தை உறுதி கூறியது. மற்றொன்று ஆயுள் முழுமைக்கும் ஆரோக்கியத்தை உறுதி கூறியது. இவ்விரண்டும் பதுளைப் பட்டினத்தையும் ஊவாத் தோட்டங்களையும் எவ்வாறு வந்தடைந்தன, அங்கு வாழ்ந்த தமிழ் மக்களுக்கு அவை எதனைத் தந்தன, அவர்களிடமிருந்து எதனைப் பெற்றன என்பதை ஆராய்வது பயனுடைய முயற்சியாகும்.

ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது 1886-ஆம் ஆண்டில். அதற்குள் கோப்பிப் பயிர் நோயால் அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடிக்கத் தொடங்கியிருந்தது. தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை முதலிய மலைச்சாரல்களில் குடியேறினர். 1911-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியத் தமிழர் முதன்முறையாகத் தனியே கணக்கிடப்பட்டபோது, இலங்கை முழுவதிலும் அவர்கள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். ஆயினும் ஊவாவுக்குச் செல்லும் வழி எளிதாக இருக்கவில்லை. புகையிரதப் பாதை 1894-இல் பண்டாரவளையை எட்டியது. அங்கிருந்து பதுளைக்கு அது வந்து சேர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924-ஆம் ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் நாளன்றே பதுளைக்குப் புகையிரதம் வந்தது. அதுவரை அரிசியும் தபாலும் பத்திரிகையும் பண்டாரவளையில் இறங்கி, மலைப்பாதை வழியாகவே பதுளையை அடைந்தன. விளம்பரத்தின் வரலாறும் இப்பாதையின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. வண்டி செல்லும் இடத்துக்கே போத்தல் செல்லும். போத்தல் செல்லும் இடத்துக்கே அதனைப் புகழும் காகிதமும் செல்லும்.

இதில் விந்தையான செய்தி ஒன்றுண்டு. விளம்பரக் கலையில் உலகப் புகழ் பெற்ற ஒருவருடைய பெயர் ஊவா மண்ணோடு பிரிக்க முடியாதபடி கலந்துள்ளது. ஸ்கொத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடை தொடங்கிய தோமஸ் லிப்டன், கொழுத்த பன்றிகளைத் தெருவில் ஓட்டிச் சென்றும், பெரிய பாற்கட்டிக்குள் பொற்காசுகளைப் பதித்தும் மக்களைக் கடைக்கு இழுத்தவர். அவர் 1890-இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளையை அடுத்த தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். அதன்பின், தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருவது தமது தேயிலை என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் ஓயாது விளம்பரம் செய்தார். அவ்விளம்பரப் படங்களில் கூடையும் சேலையுமாகத் தமிழ்ப் பெண்ணும் இடம்பெற்றாள். இலண்டன் மாநகரத்து இல்லங்களில் அவள் உருவம் தேயிலையை விற்றுக் கொடுத்தது. அவளுக்கோ அப்படத்தைக் காணும் வாய்ப்பு இருக்கவில்லை. அவள் தன் லயத்து வாசலில் கண்டது வேறு விளம்பரம். அது அவளிடம் எதையேனும் விற்க வந்த விளம்பரம்.

தோட்டப்புறத்துக்கு எட்டிய தமிழ்ப் பத்திரிகைகள் எவை என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய சுதேசமித்திரன் 1899 முதல் நாளிதழாயிற்று. கடல் கடந்த தமிழரும் அதனைத் தருவித்துப் படித்தனர். யாழ்ப்பாணத்தில் 1889-இல் இந்து சாதனம் தோன்றியது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1921-இல் கொழும்பிலே தேசநேசனையும், 1924-இல் தேசபக்தனையும் நடத்தினார். 1930-ஆம் ஆண்டு ஆகத்து 6-ஆம் நாள் சுப்பிரமணியம் செட்டியாரின் முயற்சியால் வீரகேசரி வெளிவந்தது. 1932-இல் தினகரன் வந்தது. இவை மலைநாட்டை அடைந்தபோது, ஒரு பிரதியை ஒருவரே படித்து மடித்து வைப்பதில்லை. எழுத்தறிந்த ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பர். கடைத் திண்ணையிலோ, கணக்கப்பிள்ளை வீட்டு வாசலிலோ, பாடசாலை ஆசிரியரின் அறையிலோ இவ்வாசிப்பு நிகழும். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மேல் சுமத்திய கல்விச் சட்டம் 1920-இலேயே வந்தது. அச்சட்டமும் ஏட்டில் இருந்த அளவு நாட்டில் இல்லை. ஆகவே பெரும்பாலோருக்குப் பத்திரிகை என்பது கண்ணால் அறிவதன்று; காதால் அறிவது.

காதால் அறியும் மக்களுக்கு விளம்பரம் எழுதுவோர் அதற்கேற்ற நடையைக் கைக்கொண்டனர். நாடக நோட்டீசை உரக்கப் படித்தால் அதுவே ஒரு நாடகக் கட்டியம் போல ஒலிக்கும். முதலில் நாடகத்தின் பெயர். அடுத்து இராஜபார்ட் நடிகரின் பெயர், அதற்கு முன்னே நீண்ட பட்டங்கள். அதன்பின் ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், பின்பாட்டு என்ற வரிசை. இறுதியில் நாற்காலி, பெஞ்சு, தரை எனக் கட்டண விவரமும், பெண்களுக்குத் தனி இடம் உண்டு என்ற உறுதியும் வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த சிறுவன்கூட இதனை ஒரு முறை கேட்டால் மறு முறை மனப்பாடமாகச் சொல்வான்.

அக்காலத்துத் தமிழ் மேடை இரண்டு கிளைகளாக இயங்கியது. ஒரு பக்கம் கூலிக்கு ஆடும் தொழில்முறைக் குழுக்கள். அவற்றுக்குப் பாட்டும் கதையும் வசனமும் வகுத்துக் கொடுத்த பேராசான் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். மறு பக்கம் படித்தவர்கள் பொழுதுபோக்காக ஆடிய சபைகள். அவற்றுள் தலைசிறந்தது பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் அமைத்த சுகுண விலாச சபை. இச்சபையினர் கடல் கடந்து வந்து கொழும்பில் நடித்தபோது, அவர்களைக் கண்டு ஊக்கமுற்றவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்துக் க. சொர்ணலிங்கம். பிற்காலத்தில் கலையரசு என்று போற்றப்பட்ட அவர், லங்கா சுபோத விலாச சபையின் உயிர்நாடியாக விளங்கினார். கொழும்பு மருதானையில் 1911-ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் டவர் ஹோல் அரங்கு திறக்கப்பட்டது. சிங்கள நாடகத்துக்குப் பெரும் புகலிடமாயிருந்த அவ்வரங்கின் புகழும் பத்திரிகை விளம்பரங்களின் துணையோடு நாடெங்கும் பரவியது.

தமிழ் நாடக விளம்பரத்தின் உச்சநிலை என்று 1926-ஆம் ஆண்டைச் சொல்லலாம். அவ்வாண்டில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பிலே ஒரே மேடையில் தோன்றி நடித்தனர். அடுத்த ஆண்டு அவர்கள் மணம் புரிந்தனர். பதுளைக்குப் புகையிரதம் வந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கொழும்புக்கும் பதுளைக்கும் இடையே ஏறக்குறைய 180 மைல் தூரம். நாட்கூலிக்குக் கொழுந்து கொய்யும் ஒரு குடும்பம் நாடகம் பார்க்க அவ்வளவு தூரம் செல்வது கனவிலும் நடவாத காரியம். ஆதலால் மலைநாட்டு மக்களிற் பெரும்பாலோருக்கு அந்த விளம்பரமே நாடகமாயிற்று. யார் எந்த வேடம், யார் எந்தப் பாட்டு என்பதெல்லாம் செவிவழிச் செய்தியாகப் பரவின. குஜிலிப் பதிப்பு என்று பெயர் பெற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்கள் அந்த ஆவலைப் பின்தொடர்ந்து வந்தன. பார்க்காத நாடகத்தின் பாட்டைப் பாடிக்கொண்டே கொழுந்து கொய்தவரும் இருந்தனர்.

இவ்விடத்தில் வேறொன்றையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தோட்ட மக்களுக்கென்று சொந்த அரங்கு ஒன்று முன்னரே இருந்தது. மாசி மாதத்தில் காமன் கூத்து, பின்னர் அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என அவர்கள் தாய்நாட்டிலிருந்து கொண்டுவந்த கலைகள் லயத்து முற்றத்தில் ஆடப்பெற்றன. அவற்றுக்கு நோட்டீசு அச்சிட வேண்டியதில்லை. தப்பு முழங்கினால் மலைக்கு மலை செய்தி போய்விடும். கட்டணமும் இல்லை, நடிப்பவனும் பார்ப்பவனும் மறுநாட்காலை ஒரே பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுப்பவர்கள். அச்சிட்ட நோட்டீசு வந்த பின்பும் இக்கூத்து அழியாமல் நின்றதற்குக் காரணம் இதுவே எனலாம்.

சலனப்படமும் ஊவாவை முற்றிலும் மறந்து விடவில்லை. போயர் போரிலே சிறைப்பட்டவர்கள் 1900-ஆம் ஆண்டு முதல் தியத்தலாவையில் அமைந்த பெரிய முகாமில் வைக்கப்பட்டனர். இலங்கையில் முதன்முதற் படம் காட்டப்பட்டது 1901-இல் என்றும், ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயோடு போயர் கைதிகளும் அதனைப் பார்த்தனர் என்றும் திரைப்பட வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1931-ஆம் ஆண்டு அக்தோபர் 31-ஆம் நாள், காளிதாஸ் என்ற பேசும் படம் சென்னையில் வெளிவந்தது. அதன் பின்னர் நாடகக் கம்பெனிகளின் பத்திரிகை இடத்தைப் படக் கொட்டகைகள் படிப்படியாகப் பிடித்துக்கொண்டன.

இனி மருந்து விளம்பரத்துக்கு வருவோம். ஆங்கிலத் துரைமார் படித்த பத்திரிகைகளிலே ஆங்கில நாட்டு மருந்துகள் அணிவகுத்து நின்றன. தோமஸ் ஹொலவே 1837-இல் களிம்பு விற்கத் தொடங்கியவர். 1883-இல் அவர் இறக்கும் காலத்தில் விளம்பரத்துக்கு மட்டும் ஆண்டுதோறும் ஐம்பதாயிரம் பவுண் அளவில் செலவிட்டு வந்தார் என்பர். பீச்சம் மாத்திரை, ஈனோ உப்பு, கனடாவிலிருந்து புறப்பட்ட டாக்டர் வில்லியம்ஸ் இளஞ்சிவப்பு மாத்திரை ஆகியவை ஆங்கில ஆட்சி நிலவிய இடமெல்லாம் சென்றன. வாந்திபேதிக்கும் வயிற்றளைச்சலுக்கும் கை கண்ட மருந்து எனப்பட்டது கொலிஸ் பிறவுணின் குளோரோடைன். அதனுள் இருந்தவை அபினும் கஞ்சாவும் குளோரபோமும். அது வலியை அடக்கியது உண்மை. பலரை அடிமைப்படுத்தியதும் உண்மை.

தமிழ்ப் பத்திரிகைகளில் சுதேச மருந்துகள் ஆட்சி செய்தன. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம், கத்தியவார் நாட்டு ஜாம்நகரிலிருந்து வந்த ஆதங்க நிக்ரக மாத்திரை, சென்னையில் பண்டித கோபாலாசார்லுவின் ஜீவாமிர்தம் என்பன சுதேசமித்திரன் வாசகர் நன்கறிந்த பெயர்கள். இவ்விளம்பரங்களின் அமைப்பும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். முதலில் நோய்களின் நீண்ட பட்டியல். தலைவலி முதல் நரம்புத் தளர்ச்சி வரை அனைத்தும் ஒரே மாத்திரைக்கு அடங்கும். அடுத்து, குணமடைந்தவர் எழுதியதாக ஒரு நற்சாட்சிக் கடிதம். அதன்பின், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள் என்ற எச்சரிக்கை. கடைசியில், இலவசப் புத்தகம் வேண்டுவோர் விலாசம் எழுதி அனுப்புக என்ற அழைப்பு. எழுத்தறியாதவரும் கடையில் இனங்கண்டு வாங்குவதற்காக வியாபாரக் குறியாக ஒரு படம் பொறிக்கப்பட்டிருக்கும்.

இம்மருந்துகள் அனைத்தும் பொய் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. தலைவலித் தைலத்திலுள்ள கர்ப்பூரமும் புதினா உப்பும் வலியைத் தணிக்கும். அதனை எவரும் மறுப்பதில்லை. சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு அன்றைய அரசாங்கம் உரிய மதிப்பளிக்கவில்லை. அவர்கள் தங்கள் கலை அழியாமல் காக்கப் பத்திரிகையின் துணையை நாடியதிற் குற்றமும் இல்லை. கேள்வி வேறு: எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதை மறைத்து, எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று சொல்வதால் யாருக்குக் கேடு விளைந்தது?

ஊவாத் தோட்டங்களின் நோய்களை நோக்கினால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். தொழிலாளரை வாட்டிய பெரும்பிணிகளுள் ஒன்று கொக்கிப்புழு நோய். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு அப்புழுவின் குஞ்சு உடலுள் நுழைகிறது. குடலை அடைந்து அங்கே தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. நோயாளி வெளிறி, மூச்சு வாங்கி, வேலை செய்யும் வலிமையை இழக்கிறான். வெளிறிய மக்களுக்கு ஏற்றது என்று விளம்பரப்படுத்தப்பட்ட இளஞ்சிவப்பு மாத்திரையில் இரும்புச் சத்து இருந்தது. அது இரத்தத்தைச் சற்றுக் கூட்டும், புழுவை அகற்றாது. புழு இருக்கும் வரை கூட்டிய இரத்தமும் அதற்கே இரையாகும். நோயை வேரோடு களையத் தைமோல், கீனோபோடியம் எண்ணெய் ஆகிய மருந்துகளும், அவற்றினும் மேலாக மலகூடமும் தேவைப்பட்டன. அமெரிக்க ரொக்பெல்லர் நிலையத்தின் உதவியோடு 1916-ஆம் ஆண்டளவில் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. மலகூடம் கட்டுங்கள் என்று எந்த மாத்திரை விளம்பரமும் சொல்லவில்லை. மலகூடத்தைப் போத்தலில் அடைத்து விற்க முடியாதல்லவா?

விலையையும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1909-இல் இரகசிய மருந்துகளைப் பகுத்து ஆராய்ந்து ஒரு நூலை வெளியிட்டது. ஒரு சிலிங் ஒன்றரைப் பென்ஸ் விலையுள்ள பீச்சம் மாத்திரைப் பெட்டியில் இருந்தவை கரியபோளமும் இஞ்சியும் சவர்க்காரமும் என்றும், அவற்றின் அடக்க விலை அரைப் பார்த்திங்கு என்றும் அந்நூல் காட்டியது. அதாவது விற்ற விலையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இலங்கையில் 1927-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1929-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஓர் ஆண் தொழிலாளியின் நாட்கூலி இடத்துக்கேற்ப 50 முதல் 54 சதம் வரை நிருணயிக்கப்பட்டது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதனினும் குறைவு. அக்காலத்து நாணய மாற்றின்படி ரூபாய் ஒன்றுக்கு ஒரு சிலிங் ஆறு பென்ஸ். எனவே இங்கிலாந்து விலையிலேயே கிடைத்தாலும் அத்தகைய பெட்டி ஒன்றின் விலை 75 சதம்; ஆண் ஒருவனின் ஏறக்குறைய ஒன்றரை நாட்கூலி. பெரியகங்காணியிடம் பட்ட கடனும், கடைப் பற்றும் போக எஞ்சிய சில்லறையிலிருந்தே இதற்கும் கொடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி இல்லையா என்று நேயர்கள் கேட்கக்கூடும். தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதிக்கெனச் சட்டங்கள் இருந்தன. 1872-இல் ஒன்றும், 1912-இல் அதனினும் விரிவான ஏற்பாடும் செய்யப்பட்டன. ஆயினும் மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு நோயாளியைச் சுமந்து செல்வோர் அன்றைய கூலியை இழப்பர். வீட்டிலிருந்தவாறே குணமடையலாம் என்று மருந்து விளம்பரம் கூறிய ஒரு வாக்கியம், தூரத்தையும் செலவையும் எண்ணி மலைத்த மனத்தில் எவ்வளவு ஆழமாய்ப் பதிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அறியாமையால் மட்டும் மக்கள் ஏமாந்தனர் என்பது முழு உண்மையாகாது. வேறு வழி அடைபட்டிருந்ததால் கையில் அகப்பட்ட வழியைப் பற்றினர்.

இங்கே நாடக விளம்பரத்துக்கும் மருந்து விளம்பரத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு புலப்படும். நாடக நோட்டீசு எவ்வளவு மிகைப்படக் கூறினாலும் அதற்கு ஒரு தவணை உண்டு. குறித்த நாளில் திரை விலகியதும், கூறியது மெய்யா பொய்யா என்பதை ஆயிரம் கண்கள் கண்டுவிடும். இராஜபார்ட் நடிகரின் குரல் கம்மினால் அன்றிரவே கூச்சல் எழும். மறுநாள் கடைவீதி முழுவதும் அதே பேச்சு. மருந்தின் பொய் அப்படி வெளிப்படாது. அதனை உண்பவன் தனியே உண்கிறான். குணமாகாவிடின், இன்னும் ஒரு போத்தல் உண்ணவில்லையே என்று தன்னையே நொந்துகொள்கிறான். மறைவான நோயாயின் வெளியிற் சொல்லவும் நாணுகிறான். கூட்டமாக இருந்து சோதிக்க முடிந்த பொய் விரைவில் அடங்கிற்று; தனிமையில் அனுபவித்த பொய் நீண்ட காலம் வாழ்ந்தது.

பத்திரிகைகள் ஏன் இதனைக் கண்டிக்கவில்லை என்ற வினாவுக்கு விடை அவற்றின் வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவில் மருந்துக் கம்பெனிகள் பத்திரிகைகளோடு செய்த ஒப்பந்தங்களில், தங்களுக்குப் பாதகமான சட்டம் வருமாயின் விளம்பரம் இரத்தாகும் என்ற நிபந்தனை சிவப்பெழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. 1905-இல் இது வெளியாகிப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அடுத்த ஆண்டில் உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்திலோ, மேலே கூறிய மருத்துவச் சங்க நூலின் விளம்பரத்தையே வெளியிடப் பல பத்திரிகைகள் மறுத்துவிட்டன. மருந்தை விளம்பரம் செய்த பத்திரிகை, அம்மருந்தினுள் இருப்பது என்ன என்று கூறும் நூலை விளம்பரம் செய்யத் துணியவில்லை.

எனினும் இதற்கு மறுபுறமும் உண்டு. அமிர்தாஞ்சனம் ஈட்டிய பொருளைக் கொண்டு நாகேஸ்வர ராவ் 1908-இல் ஆந்திர பத்திரிகையைத் தொடங்கினார். அது 1914-இல் சென்னையில் நாளிதழாகித் தெலுங்கு மக்களின் தேசிய உணர்ச்சியை வளர்த்தது. புலித் தைலத்தை விற்றுப் பெருஞ்செல்வரான ஆவ் பூன் ஹோ, 1929-இல் சிங்கப்பூரிலே சின் சியூ ஜிட் போ என்ற சீன நாளிதழை நிறுவினார். தைலம் பத்திரிகையை வளர்த்தது. பத்திரிகை தைலத்தை வளர்த்தது. தலையங்கத்தில் விடுதலைக்கு உழைத்த தாளே விளம்பரப் பக்கத்தில் ஏழையின் கூலியைக் கரைக்கும் மாத்திரைக்கும் இடங்கொடுத்தது. இந்த இரட்டை நிலையை மறைக்காமல் கூறுவதே வரலாற்றுக்கு அழகு.

மலைநாட்டிலே இவ்விளம்பர முறையை வேறொரு பயனுக்குத் திருப்பியவர் கோ. நடேசய்யர். அவர் இலங்கைக்கு முதலில் வந்ததே தஞ்சையில் வெளிவந்த வர்த்தகமித்திரன் என்ற வியாபாரப் பத்திரிகையின் தொடர்பாலாகும். எனவே ஒரு செய்தியை மக்களிடம் எவ்வாறு கொண்டு செல்வது என்பதை அவர் வணிகரிடமிருந்தே கற்றார் எனலாம். அந்நியர் தோட்டத்துள் நுழைதல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு அவர் உள்ளே சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். இராமசாமி சேர்வையின் சரிதம் என்னும் நாடகத்தை எழுதித் தொழிலாளி ஒருவனின் வாழ்க்கையையே கதையாக்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை, தொழிலாளரின் செவிக்குப் பழகிய மெட்டுகளில் பாடல்கள் இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்ற பெயரில் அவை 1940-இல் சிறு நூலாக அச்சேறின.

நாடக நோட்டீசும் மருந்து நோட்டீசும் கற்றுக் கொடுத்த பழக்கம் இங்கே பயன்பட்டது. ஒரு தாளைக் கையில் வாங்குவது, எழுத்தறிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது, கேட்டதைப் பத்துப் பேருக்குச் சொல்வது ஆகிய பழக்கம் தோட்டத்தில் முன்னரே வேரூன்றியிருந்தது. மாத்திரையைப் புகழ்ந்த தாளின் இடத்தில் கூலியையும் கடனையும் உரிமையையும் பற்றிப் பேசிய தாள் வந்தது. 1940-ஆம் ஆண்டில் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவியபோது, பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டம் இலங்கை முழுவதும் பேசப்பட்டது. எழுத்தறியாதவர் என்று இகழப்பட்ட மக்கள், தங்களுக்கு வேண்டிய செய்தியைத் தெரிந்து கொள்ளத் தவறவில்லை.

மருந்து விளம்பரத்தை அடக்கச் சட்டங்கள் காலந்தாழ்த்தியே வந்தன. இந்தியாவில் மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-இல் நிறைவேறியது. இலங்கையில் 1980-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம், குறித்த சில நோய்களைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்தது. 2015-இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைந்தது. ஆயினும் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்ற வாக்குறுதி மறைந்துவிடவில்லை. இன்று அது கைத்தொலைபேசியின் வழியாக லயத்து அறைக்குள்ளும் நுழைகிறது. நோய்களின் பட்டியல், குணமடைந்தவரின் சாட்சி, போலிகளைப் பற்றிய எச்சரிக்கை என்று பழைய அமைப்பே புது உடை உடுத்தி வருகிறது.

ஆதலால் பழைய பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தைக் காத்தல் நம் கடமை. எத்தனையோ நடிகர்களின் பெயர் வேறெங்கும் பதியப்படாமல் நாடக நோட்டீசில் மட்டுமே எஞ்சியுள்ளது; அத்தாள் செல்லரித்துப் போனால் அவர்களின் நினைவும் அதனோடு போய்விடும். மருந்து விளம்பரமோ நம் முன்னோர் எந்த நோய்க்கு அஞ்சினர், எந்த ஆசைக்கு ஏங்கினர் என்பதைக் காட்டும் கண்ணாடி. பாடசாலைகளில் பிள்ளைகளுக்குச் செய்யுளும் உரைநடையும் படிக்கக் கற்பிக்கிறோம். ஒரு விளம்பரத்தை எவ்வாறு படிப்பது, அது சொல்வது யாது, சொல்லாமல் விடுவது யாது, நாம் கொடுக்கும் காசு எங்கே செல்கிறது என்று கேட்கவும் அவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும். அன்று பதுளை மலைச்சாரலில், லயத்து விளக்கொளியில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டிருந்த அந்த வட்டத்தில், இக்கேள்விகளை எழுப்ப ஒரே ஓர் ஆள் இருந்திருந்தாலும் சில குடும்பங்களின் கூலி தப்பியிருக்கும். இன்று அந்த ஓர் ஆளை உருவாக்குவது ஒவ்வொரு பாடசாலைக்கும் இயலக்கூடிய காரியமே.